ஊர் ஒன்று, பெயர் இரண்டு

உலகத்து நாடுகளையும் நகரங்களையும் டச்சு மொழி தன் விருப்பப்படி அழைக்கிறது. அந்தப் பெயர்களை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்ற சர்ச்சை நெடுஞ்சாலைப் பலகை முதல் ஹோட்டல் பலகை வரை நீள்கிறது. இந்தியாவின் பெயரும் அதில் சிக்கியிருக்கிறது.

பெல்ஜியத்தில் கென்ட் நகரிலிருந்து பிரான்ஸ் எல்லையை நோக்கிப் போகும் இ-17 நெடுஞ்சாலையில் லீல் நகரத்தைத் தேடிப் போகிற வெளிநாட்டுக்காரர் கொஞ்சம் திணறித்தான் போவார். கையில் உள்ள வரைபடம் லீல் என்கிறது. சாலைப் பலகையோ முதலில் ‘ரெய்சல்’ என்கிறது. இரண்டும் ஒரே ஊர்தான். பிரெஞ்சில் லீல், டச்சில் ரெய்சல். சாலை டச்சு பேசும் பகுதியில் ஓடுவதால் பலகையும் டச்சு பேசுகிறது.

பிரெஞ்சு பேசும் தென்பகுதியான வலோனியாவில் இதே கதை தலைகீழாக நடக்கிறது. அங்கே ஆன்ட்வெர்ப்பன் துறைமுகத்துக்கு வழிகாட்டும் பலகை ‘ஆன்வேர்’ என்று சொல்லும். பிரஸ்ஸல்ஸிலிருந்து கிழக்கே போகும் சாலையில் ‘லாய்க்’ என்று இருந்த ஊர், மொழி எல்லையைத் தாண்டியதும் ‘லியேஜ்’ ஆகிவிடுகிறது. பெல்ஜியத்தின் மொழி எல்லை 1962ல் சட்டம் போட்டு வரையறுக்கப்பட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பெயர், அந்தப் பக்கம் வேறு பெயர். இரு மொழிக்கும் பொதுவான தலைநகர் பிரஸ்ஸல்ஸில் தெருப் பெயர்கள்கூட இரண்டு மொழிகளிலும் எழுதப்படுகின்றன.

இரு மொழி நாட்டில் ஏற்படும் குழப்பம் எப்போதும் வேடிக்கையாக முடிவதில்லை. 2001 மார்ச் 27 அன்று பெக்ரோ என்ற ஊரில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். தவறான பாதையில் ஒரு ரயில் வருகிறது என்று தொலைபேசியில் எச்சரிக்க முயன்ற ஊழியர் பிரெஞ்சு பேசுபவர். மறுமுனையில் இருந்தவர் டச்சு பேசுபவர். ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியவில்லை. அங்கே ஒரு பெயரை எந்த மொழியில் சொல்வது என்பது பண்டிதர்களோடு முடிந்துவிடும் விவகாரம் அல்ல.

அழுகை என்றொரு தலைநகர்

நெதர்லாந்து, பெல்ஜியத்தின் வடபகுதி, தென் அமெரிக்காவின் சுரிநாம் ஆகிய இடங்களில் சுமார் இரண்டரைக் கோடிப் பேர் டச்சு பேசுகிறார்கள். அவர்களுக்குப் பாரிஸ் ‘பாரெய்ஸ்’. பெர்லின் ‘பெர்லெய்ன்’. ஜெர்மனி ‘டாய்ட்ஸ்லாந்து’. ஒரு ஊரின் சொந்தக்காரர்கள் வழங்கும் பெயர் ஒன்றாக இருக்க, வெளியார் தங்கள் மொழியில் வழங்கும் பெயரைப் புவியியல்காரர்கள் ‘எக்ஸோனிம்’ என்கிறார்கள். காசிக்கும் தில்லிக்கும் கிரேக்கத்துக்கும் தமிழ் தனிப் பெயர் வைத்திருப்பதைப் போலத்தான் இதுவும்.

டச்சில் இந்தப் பெயர்கள் மூன்று வழிகளில் பிறந்திருக்கின்றன. முதல் வழி, நாக்குக்கு ஏற்ப ஒலியை வளைப்பது. பாரெய்ஸ் அந்த ரகம். இரண்டாவது, அர்த்தத்தை மொழிபெயர்ப்பது. ஆஸ்திரியா தன்னை ‘கிழக்கு ராஜ்யம்’ என்ற பொருளில் அழைத்துக்கொள்கிறது. டச்சும் அதே பொருளில் ‘ஓஸ்டன்ரெய்க்’ என்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் கோத் திவ்வார், ‘தந்தக் கடற்கரை’ என்ற பொருளில் ‘இவோர்கஸ்ட்’ ஆகிவிட்டது. மூன்றாவது வழி, பரம்பரைச் சொத்து. லீலும் டன்கிர்க்கும் ஒரு காலத்தில் ஃபிளாண்டர்ஸ் சிற்றரசுக்குள் இருந்த ஊர்கள். டன்கிர்க்கை 1662ல் பதினான்காம் லூயி இங்கிலாந்திடமிருந்து விலைக்கு வாங்கினார். லீலை 1667ல் போரிட்டுப் பிடித்தார். ஊர்கள் பிரான்சுக்குப் போய்விட்டன. டச்சுப் பெயர்கள் டச்சுக்காரர்களிடமே தங்கிவிட்டன.

சொல்லப்போனால் டன்கிர்க் என்ற பெயரே டச்சுதான். ‘மணல்மேட்டுக் கோயில்’ என்று பொருள். அதை பிரெஞ்சுக்காரர்கள்தான் தங்கள் நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். லீலும் ரெய்சலும் ‘தீவு’ என்ற ஒரே கருத்திலிருந்து இரண்டு மொழிகளில் பிறந்தவை. இதில் எது மூலம், எது மொழிபெயர்ப்பு என்று தீர்ப்புச் சொல்வது சுலபமில்லை.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு வேறு தலைவலிகளும் உண்டு. வியன்னாவின் டச்சுப் பெயர் ‘வேனன்’. அதே சொல்லுக்கு அழுவது என்றும் பொருள். பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரம் டச்சில் ‘பெர்கன்’, அதாவது மலைகள். நார்வேயில் அதே பெயரில் ஒரு புகழ்பெற்ற துறைமுகம் இருப்பதால், எந்த பெர்கன் என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நமூர் நகரம் டச்சில் ‘நாமன்’. அந்தச் சொல்லுக்குப் பெயர்கள் என்று அர்த்தம். நாமம் என்ற வடமொழிச் சொல்லும் இதுவும் தூரத்துச் சொந்தக்காரர்கள்.

எதை மொழிபெயர்ப்பது, எதை விடுவது என்பதிலும் ஒழுங்கு கிடையாது. தந்தக் கடற்கரை மொழிபெயர்க்கப்பட்டது. ‘வளமான கடற்கரை’ என்று பொருள்படும் கோஸ்டாரிகாவும், ‘கறுப்பு மலை’ என்று பொருள்படும் மான்டிநீக்ரோவும் தொடப்படவே இல்லை. பழக்கம்தான் இங்கே இலக்கணம்.

பட்டியல் போடும் அமைப்பு

இந்தப் பழக்கத்துக்கு ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார். நெதர்லாந்தும் பெல்ஜியமும் 1980ல் ஒப்பந்தம் போட்டு உருவாக்கிய டச்சு மொழி ஒன்றியம், ஹேக் நகரிலிருந்து இயங்குகிறது. 2004ல் சுரிநாமும் இதில் இணைந்தது. டச்சு எழுத்துக்கூட்டல் விதிகளை வகுப்பது இந்த ஒன்றியம்தான். ‘பச்சைப் புத்தகம்’ என்று மக்கள் அழைக்கும் அதிகாரபூர்வச் சொற்பட்டியல் 1954ல் வெளியாகி, 1995, 2005, 2015 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் இதைப் பின்பற்றியாக வேண்டும்.

வெளிநாட்டுப் பெயர்களுக்கும் ஒன்றியம் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. நாட்டின் பெயர், அந்நாட்டு மனிதரை எப்படி அழைப்பது, அந்நாட்டுப் பொருளை எப்படி வர்ணிப்பது, தலைநகரின் பெயர் என்ன என்று எல்லாம் அதில் உண்டு. நாட்டின் பெயர் தெரிந்தால் மற்றது தானாக வந்துவிடும் என்று நினைக்க முடியாது. இவோர்கஸ்ட் நாட்டு மனிதர் ‘இவோரியான்’. மொனாக்கோக்காரர் ‘மொனேகாஸ்க்’. இதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

எழுத்துக்கூட்டலில் டச்சு தன் காதை நம்புகிறது. ‘ஊ’ என்ற ஒலியை டச்சில் ஓ, ஈ என்ற இரண்டு ரோமன் எழுத்துகளைச் சேர்த்து எழுதுவார்கள். விளைவு, ஆங்கில அகராதியில் ‘யு’ வரிசையில் இருக்கும் உக்ரைனும் உகாண்டாவும் உஸ்பெகிஸ்தானும் டச்சு அகராதியில் ‘ஓ’ வரிசைக்குப் போய், ஆஸ்திரியாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகின்றன. செர்னோபில், செக் நாடு, சாட் மூன்றும் ‘டி’ எழுத்தில் தொடங்குகின்றன. ஆங்கிலத்திலிருந்து அவசரமாக மொழிபெயர்க்கிற பத்திரிகைக்காரர் இதில் வழுக்குவது சகஜம்.

பட்டியல் சொன்னாலும் எல்லாரும் கேட்பதில்லை. பெல்ஜியத்து டச்சுக்காரர் ரெய்சல் என்று சொல்லும் ஊரை நெதர்லாந்துக்காரர் பெரும்பாலும் லீல் என்றே சொல்கிறார். எல்லைக்கு அருகில் இருப்பவருக்கு அது பக்கத்து ஊர், பாட்டன் காலத்துப் பெயர். ஆம்ஸ்டர்டாம்காரருக்கு அது ஒரு பிரெஞ்சு நகரம், அவ்வளவுதான். பிரான்சின் வட கடற்கரையில் உள்ள பூலோன் நகரத்துக்கு ‘போனன்’ என்று ஒரு டச்சுப் பெயர் இருந்தது. இன்று அதைச் சொன்னால் பலருக்குப் புரியாது. வியாபாரமும் போக்குவரத்தும் குறைந்த ஊர்களின் பெயர்கள் இப்படி ஓசையில்லாமல் செத்துப்போகின்றன.

“எங்களை இப்படி அழையுங்கள்”

புவியியல் பெயர்கள் பற்றிய ஐ.நா. மாநாடு முதன்முதலாக 1967ல் ஜெனீவாவில் கூடியது. 1972ல் லண்டனில் கூடிய இரண்டாவது மாநாடு, சர்வதேசப் பயன்பாட்டில் எக்ஸோனிம்களைக் குறைக்கும்படி பரிந்துரைத்தது. உள்ளூர் மக்கள் வைத்த பெயருக்கு மரியாதை, விமானிக்கும் மாலுமிக்கும் மீட்புப் படைக்கும் குழப்பமின்மை என்று இதற்குக் காரணங்கள் வலுவானவை. ஆனால் பள்ளிக்கூடத்து வரைபடம் விமானிக்காக வரையப்படுவதில்லை. டச்சு மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் புரட்டும் ‘போஸ் அட்லஸ்’ 1877ல் வெளிவந்தது. தாய்மொழியில் படிக்கும் சிறுவனுக்கு நாவில் வராத பெயர்களால் நிறைந்த வரைபடம் எந்த அளவு பயன்படும் என்பது நியாயமான கேள்வி. உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தின் வரைபடவியல் பேராசிரியரான ஃபெர்யான் ஓர்மெலிங், சிறுபான்மை மொழிகளின் ஊர்ப் பெயர்கள் வரைபடங்களில் என்ன கதிக்கு ஆளாகின்றன என்பதையே 1983ல் தன் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார்.

நாடுகளே நேரடியாகக் கோரிக்கை வைக்கும்போது சிக்கல் முற்றுகிறது. தன் பெயரை மொழிபெயர்க்க வேண்டாம் என்று 1980களின் நடுவில் கோத் திவ்வார் உலகைக் கேட்டுக்கொண்டது. டச்சுக்காரர்கள் இன்னும் இவோர்கஸ்ட் என்றே சொல்கிறார்கள். 2022ல் துருக்கி தன் பெயரைத் ‘துர்க்கியே’ என்று எழுதும்படி கேட்டு, ஐ.நா.வும் ஏற்றுக்கொண்டது. டச்சு தன் பழைய ‘துர்கெய’வை விடவில்லை. அவர்கள் சொல்லும் சமாதானம் எளிது. ஒரு நாடு தன் பெயரைத் தீர்மானிக்கலாம், இன்னொரு மொழியில் இருக்கும் சொல்லைத் தீர்மானிக்க முடியாது.

இந்தச் சமாதானம் எல்லா இடத்திலும் எடுபடுவதில்லை. பெலாரஸ் நாட்டின் டச்சுப் பெயர் நீண்ட காலமாக ‘விட்-ருஸ்லாந்து’, அதாவது வெள்ளை ரஷ்யா. பெலாரஸ் என்ற பெயரில் உள்ள ‘ரஸ்’, கீவ் நகரை மையமாகக் கொண்டிருந்த இடைக்கால அரசைக் குறிக்கிறது. இன்றைய ரஷ்யாவை அல்ல. மொழிபெயர்ப்பில் அந்த வேறுபாடு அழிந்து, அந்த நாடு ரஷ்யாவின் ஒரு துண்டுபோலத் தோன்றிவிடுகிறது. 2020ல் அங்கே தேர்தலை எதிர்த்து மக்கள் வீதிக்கு வந்தபோது, பெலாரஸ் என்றே எழுத வேண்டும் என்ற குரல் டச்சுப் பத்திரிகைகளிலும் வலுத்தது. 2022ல் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த பிறகு, ரஷ்ய வழியில் வந்த ‘கியெவ்’ என்ற பெயரைப் பல டச்சு ஊடகங்கள் கைவிட்டு, உக்ரைனியர்கள் சொல்லும் ‘கீவ்’ வடிவத்துக்கு மாறின. இலக்கண நூல் பல ஆண்டுகளில் செய்யாததைப் பீரங்கிச் சத்தம் சில வாரங்களில் செய்து முடித்தது.

எந்த இந்தியா?

இந்தியர்களுக்கு இந்த விவகாரத்தில் நேரடிப் பங்கு உண்டு. ஆங்கிலத்தில் ‘இந்தியன்’ என்ற ஒரு சொல் போதும். அதை டச்சில் எழுத உட்காருபவர் முதலில் எந்த இந்தியா என்று கேட்க வேண்டும்.

நாட்டின் பெயர் டச்சிலும் இந்தியாதான். அதன் குடிமகன் ‘இன்டியர்’. அதைச் சேர்ந்த பொருள் ‘இன்டியாஸ்’. ஆனால் ‘இன்டிஸ்’ என்று ஓர் எழுத்து மாறினால் அர்த்தம் சில ஆயிரம் கிலோமீட்டர் கிழக்கே போய்விடும். டச்சுக்காரர்கள் ஆண்ட ‘நெதர்லாந்து இன்டிய’, அதாவது இன்றைய இந்தோனேஷியாவைச் சேர்ந்தது என்று பொருளாகிவிடும். ‘இன்டியான்’ என்றால் அமெரிக்கப் பழங்குடி. கொலம்பஸின் திசைத் தவறு டச்சு அகராதியில் இன்னும் குடியிருக்கிறது. போதாததற்கு, இந்தியப் பெருங்கடலுக்கு டச்சில் ‘இன்டிஸ்’ என்ற சொல்தான் வழங்குகிறது.

நெதர்லாந்துக்குப் போகும் இந்தியர் இதை வயிற்றாலேயே உணரலாம். ‘இன்டிஸ்’ என்று பலகை மாட்டிய ஹோட்டலில் தோசையோ தந்தூரி ரொட்டியோ கிடைக்காது. சோற்றைச் சுற்றிப் பல கிண்ணங்களில் ஜாவா பாணிக் கறிகள் வரும். நம் சாப்பாட்டுக்கு ‘இன்டியாஸ்’ என்று எழுதிய வாசலைத் தேட வேண்டும்.

சாப்பாட்டைவிடப் பெரிய விஷயம் மனிதர்களின் அடையாளம். இந்தோனேஷியா விடுதலை பெற்ற காலத்தில் அங்கிருந்து நெதர்லாந்துக்கு வந்து சேர்ந்த, ஐரோப்பிய, ஆசிய ரத்தம் கலந்த பெரும் கூட்டத்தாருக்கு ‘இன்டிஸ்’ என்பது வெறும் பெயரடை அல்ல, அதுதான் அவர்கள் குடும்ப வரலாறு. இன்னொரு பக்கம், கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட ‘லாலா ரூக்’ கப்பல் 1873 ஜூன் 5 அன்று சுரிநாமை அடைந்தது. 1916க்குள் சுமார் 34,000 இந்தியர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாக அந்த டச்சுக் காலனிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் போஜ்புரியும் அவதியும் பேசிய கங்கைச் சமவெளிக்காரர்கள். 1975ல் சுரிநாம் சுதந்திரம் பெற்றதை ஒட்டி இவர்களின் வம்சத்தார் பெருமளவில் நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். ஹேக் நகரில் அவர்கள் எண்ணிக்கை கணிசமானது.

இவர்களை என்ன பெயரால் அழைப்பது? முதலில் ‘பிரிட்டிஷ் இன்டியர்’ என்றார்கள். பிறகு ‘ஹிந்துஸ்தான்’ என்ற சொல் நிலைத்தது. ஹிந்துஸ்தானத்திலிருந்து வந்தவர் என்பதே அதன் பொருள். மதத்தைக் குறிக்க டச்சில் ‘ஹிந்து’ என்ற தனிச் சொல் உண்டு. எனவே ஹிந்துஸ்தான் என்று அழைக்கப்படுபவர் முஸ்லிமாகவும் கிறிஸ்தவராகவும் இருக்க முடியும். ஒலி ஒற்றுமையை நம்பி இரண்டையும் ஒன்றாக மொழிபெயர்ப்பவர், ஒரு சமூகத்தின் ஒரு பகுதியை ஒரே வரியில் இல்லாமல் செய்துவிடுகிறார். அந்தச் சொல்லின் நடுவில் வரும் உயிரெழுத்து ‘உ’வா, ‘ஒ’வா என்பதில்கூட நெதர்லாந்துக்கும் சுரிநாமுக்கும் பழக்கம் வேறுபடுகிறது.

போன பெயர்களும் தங்கிய பெயர்களும்

பெயர் வாங்கியது மட்டுமல்ல, டச்சு பெயர் கொடுத்த கதையும் உண்டு. நியூஸிலாந்தின் பெயர் நெதர்லாந்தின் ஸேலந்து மாகாணத்திலிருந்து போனது. நியூயார்க்கின் புரூக்ளினும் ஹார்லெமும் டச்சு ஊர்களின் பெயர்கள். 1616ல் தென் அமெரிக்காவின் தென்கோடியைச் சுற்றிய டச்சு மாலுமிகள் அதற்குத் தங்கள் ஹோர்ன் நகரத்தின் பெயரை வைத்தார்கள். ஆங்கிலத்தில் அது கொம்பு என்று பொருள்படும்படி திரிந்தது. ஸ்பானிய மொழியில் ‘அடுப்புகள்’ என்றே ஆகிவிட்டது.

இந்தோனேஷியாவில் 1619ல் டச்சுக்காரர்கள் அமைத்த படேவியா, இன்று ஜகார்த்தா. ‘கவலையற்ற இடம்’ என்ற பொருளில் அவர்கள் பெயர் வைத்த மலை நகரம் போகோர் என்ற பெயருக்குத் திரும்பிவிட்டது. ஊர்ப் பெயர்களை டச்சு ஒலிமுறைப்படி எழுதும் வழக்கத்தையும் அந்த நாடு 1947லும் 1972லும் இரண்டு கட்டமாகக் களைந்தது. ஆண்டவர்கள் போன பிறகு எழுத்தையும் வெளியேற்ற கால் நூற்றாண்டு தேவைப்பட்டது.

தமிழ் மண்ணிலும் இந்தத் தடம் இருக்கிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டை ‘பலியாக்காட்டா’ என்று எழுதியது. அங்கே கட்டிய கோட்டைக்குத் தன் கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரை வைத்து ‘கெல்ட்ரியா’ என்றது. 1658ல் யாழ்ப்பாணத்தைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்த பிறகு, சுற்றியுள்ள தீவுகளுக்கு ஹாலந்து நகரங்களின் பெயர்களை வரிசையாகச் சூட்டியது. காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆனது. வேலணை லெய்டன் ஆனது. நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆனது. மற்றவை மறைந்தும் மங்கியும் போக, டெல்ஃப்ட் மட்டும் ஆங்கில வழக்கில் இன்றுவரை உயிரோடு இருக்கிறது. தமிழில் அது எந்நாளும் நெடுந்தீவுதான். தமிழும் சும்மா இருக்கவில்லை. வந்தவர்களை ‘ஒல்லாந்தர்’ என்று அழைத்துக் கணக்கைச் சமன் செய்தது.

ஒல்லாந்தர் என்ற அந்தப் பெயருக்கு மூலமான ‘ஹாலந்து’ இப்போது சொந்த நாட்டிலேயே ஒதுக்கப்பட்டிருக்கிறது. நாட்டின் பன்னிரண்டு மாகாணங்களில் இரண்டு மட்டுமே ஹாலந்து என்ற பெயருக்கு உரியவை. 2020 ஜனவரி முதல் அரசின் வெளிநாட்டு விளம்பரங்களில் ஹாலந்து கைவிடப்பட்டு நெதர்லாந்து மட்டுமே பயன்படுகிறது. ‘டச்சு’ என்ற ஆங்கிலச் சொல்லும் வெளியார் தந்ததுதான். அவர்கள் மொழியில் அதற்கு இணையான ‘டாய்ட்ஸ்’ ஜெர்மானியரைக் குறிக்கும். தங்கள் மொழியை அவர்கள் ‘நேடர்லாண்ட்ஸ்’ என்கிறார்கள்.

வீட்டுக்குள்ளும் இதே வழக்கு நடக்கிறது. வடக்கே ஃபிரிசிய மொழி பேசும் மாகாணம் 1997ல் தன் அதிகாரபூர்வப் பெயரை ‘ஃபிரீஸ்லாந்து’ என்ற டச்சு வடிவத்திலிருந்து ‘ஃபிரிஸ்லான்’ என்ற சொந்த வடிவத்துக்கு மாற்றிக்கொண்டது. அரசு ஆவணங்கள் மாறின. பேச்சு வழக்கில் டச்சுக்காரர்கள் இன்னும் பழைய பெயரையே சொல்கிறார்கள். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டு, சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது இங்கே நினைவுக்கு வரலாம். ஆணை ஒரே நாளில் எழுதப்படும். நாக்கு பழக ஒரு தலைமுறையாவது வேண்டும்.

எனவே டச்சு மொழிபெயர்ப்பாளர்கள் ஒவ்வொரு முறையும் யாருக்காக எழுதுகிறோம் என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ரயில் அட்டவணையில் பயணி இறங்கும் நிலையத்தில் எழுதியிருக்கும் பெயர் வேண்டும். சரித்திரப் புத்தகத்தில் அந்தக் காலத்துப் பெயர் வேண்டும். செய்தியில், தன் பெயருக்காகப் போராடும் மக்களின் காதுக்கு அது எப்படிக் கேட்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். மொழி ஒன்றியத்தின் பட்டியல் இந்த மூன்றுக்கும் ஒரே விடை தர முடியாது. லீலுக்குப் போகிறவர் ரெய்சல் என்ற பலகையைப் பார்த்துத் திரும்பக் கற்றுக்கொள்வதுதான் இப்போதைக்கு வழி.